தூசிதானே என்று நினைத்தால்...

மணல் லாரிக்குப் பின்னால் பைக்கில் போயிருக்கிறீர்களா? முகத்தில் ஊசி குத்துவது மாதிரி இருக்கும். அதே மணலைக் கையில் அள்ளினால் ஒன்றும் ஆகாது. வித்தியாசம் வேகம் மட்டும்தான். இந்தச் சின்ன விஷயத்தை விமான உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதுதான் இந்தப் பதிவு.

1982 ஜூன் 24, இரவு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 263 பேர். உயரம் 37,000 அடி. ரேடாரில் எந்த மேகமும் இல்லை. திடீரென்று முன்கண்ணாடியில் ஒளிப்பொறிகள். கேபினுக்குள் கந்தக வாடையோடு புகை. சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் வரிசையாக நின்றுபோயின! நான்கும் நின்றுவிட்டதை கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் பதற்றமே இல்லாமல் அறிவித்தார்.

சுமார் 13 நிமிடம் விமானம் வெறுமனே மிதந்து இறங்கியது. பிறகு எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் தரையிறங்கும்போது இன்னொரு சோதனை. முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி மங்கிப் போயிருந்தது. ஓரத்தில் தெரிந்த சின்ன இடைவெளி வழியாகப் பார்த்துத்தான் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

காரணம், ஜாவா தீவின் கலுங்குங் எரிமலை. அதன் சாம்பல் நம் வீட்டு அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. பாறையும் கண்ணாடியும் பொடியானது அது. ஈரமில்லாததால் மழைத்துளியைத் தேடும் ரேடாருக்குத் தெரியவில்லை.

விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ., அதாவது நொடிக்கு 250 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி! இறக்கைகளின் முன்விளிம்பிலும் எஞ்சின் உறைகளிலும் பெயின்ட் உரிந்துபோனது. பெயின்ட் அழகுக்கு மட்டுமல்ல, உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதும் அதுதான்.

எஞ்சினுக்குள் போன சாம்பல் உருகி டர்பைன் பகுதியில் ஒட்டிக்கொண்டது. காற்றோட்டம் தடைபட்டு எஞ்சின் நின்றது. நின்றதும் சூடு குறைந்தது, ஒட்டியது இறுகி உடைந்து உதிர்ந்தது. அதனால்தான் மறுபடி ஓடியது. இன்றைய டர்பைன் பிளேடுகளில் வெப்பத்தைத் தாங்க பீங்கான் பூச்சு இருக்கிறது. உருகிய சாம்பல் அதற்குள்ளும் ஊறி இறுகி, பூச்சைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

1989 டிசம்பர் 15-ல் அலாஸ்காவில் கே.எல்.எம். நிறுவனத்தின் 747-க்கும் இதே கதி. அப்போதும் நான்கு எஞ்சின்களும் நின்று, மீண்டும் ஓடின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பழுதுபார்க்க 8 கோடி டாலர்! அதன்பின் உலகெங்கும் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் வந்தன. "சாம்பல் இருந்தால் பறக்காதே" என்பதுதான் விதி.

2010 ஏப்ரலில் அந்த விதிக்குப் பரீட்சை வந்தது. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. விமான நிறுவனங்களுக்கு 170 கோடி டாலர் நஷ்டம். "இது அளவுக்கு மீறிய பயம்" என்று அவர்கள் கத்தினார்கள். எத்தனை சாம்பல் வரை எஞ்சின் தாங்கும் என்று கேட்டால், பறக்க அனுமதிக்கும் அளவுக்கு ஒப்புக்கொண்ட கணக்கு யாரிடமும் இல்லை! சில நாட்களிலேயே பிரிட்டன் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது.

நான் காமர்ஸ் மாணவன், எனக்கு உறுத்துவது இதுதான். வானத்தை மூடியது சரி. மூடியதால் வந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் ஏறும், காப்பாற்றிய உயிர்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆனால் 1982-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை வர 28 வருடமும் 170 கோடி டாலரும் ஆனது. ஆராய்ச்சிக்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது, அறியாமைக்கு ஆகும் செலவு பில் வரும்வரை தெரிவதில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?