தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர்

இந்த எபிசோட் ஒரு அவரைக் கொடியில ஆரம்பிக்குது.

மாசி மாசம் எங்க மொட்டை மாடியில நாலு க்ரோ பேக்ல நாட்டு அவரை போட்டேன். கொடி தண்ணித் தொட்டி பைப்பைக்கூட விட்டுவைக்கல. பூ மட்டும் ஒண்ணுகூட இல்ல. யூடியூப் பார்த்துத் தேமோர்க் கரைசல் எல்லாம் அடிச்சேன். கடைசியில தாமல்ல இருக்கற எங்க ஆயாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவங்க சிரிச்சிட்டு, "மாசியில போட்டா கொடிதான்டா ஓடும், ஆடியில போடணும்"னு முடிச்சுட்டாங்க. நாட்டு அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூ வைக்கும். ஆயாவுக்கு அந்தத் தியரி தெரியாது, ஆனா மாசம் தெரியும்.

இந்த மாதிரி அறிவை ஒரு ஊர் எப்படிப் பத்திரமா வச்சுக்கும்? இதே கேள்விக்கு எங்க பக்கத்துலயே ஒரு பழைய பதில் கல்லுல இருக்கு.

தாமல் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டு மேல இருக்கு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே போனா உத்திரமேரூர். குடவோலை பற்றி எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919ல ஒரு விதித்தொகுப்பு வெட்டினாங்க. ரெண்டே வருஷத்துல, 921ல, அதைத் திருத்தி இன்னொண்ணு வெட்டினாங்க. (வெர்ஷன் ஒண்ணுல பக் இருந்திருக்கு, புரியுது.) ரெண்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இன்னைக்கும் இருக்கு.

பரீட்சைக்குப் படிச்சப்போ நாம தாண்டிப் போன விஷயம் ஒண்ணு அதுல இருக்கு. முப்பது குடும்புக்கு, அதாவது முப்பது வார்டுக்கு, ஆளுக்கு ஒருத்தர்னு முப்பது பேர். அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு. 12 பேர் தோட்ட வாரியம். மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்ல ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்!

அதைவிட முக்கியமான வரி இன்னொண்ணு. ஆண்டுக் குழுவுக்கு யாரை எடுக்கணும்? முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களை, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களை எடுக்கணும். அதாவது தோட்டமும் ஏரியும் பார்த்துட்டு வந்தவங்கதான் மேல போகலாம். ஆனா எந்த வாரியத்துல இருந்தாலும் அடுத்த மூணு வருஷம் குடத்துல பேர் போட முடியாது. அனுபவம் வேணும், அதுக்காக ஒரே ஆள் நாற்காலியில ஒட்டிக்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் லீவு போட்டா பில்டே ஓடாது. இந்த விதியைப் படிச்சப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தணும். இதை 'உலகின் முதல் ஜனநாயகம்'னு ஃபார்வர்ட் பண்றவங்க தகுதிப் பட்டியலைப் படிக்கறதில்ல. இது ஒரு பிராமணர் ஊரோட சபை. கால் வேலிக்கு மேல, தோராயமா ஒன்றரை ஏக்கருக்கு மேல, வரி கட்டற நிலம் இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். வயசு 35லிருந்து 70க்குள்ள. வேதக் கல்வி வேணும். அதிகம் படிச்சவங்களுக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும்.

எங்க ஆயாவைக் குடத்துல போட்டுப் பாருங்க. பெண், அதுலயே அவுட். நிலம் இல்ல. வேதம் தெரியாது. வயசு எழுபதைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. அந்தத் தோட்டங்கள்ல மண்வெட்டி பிடிச்சவங்க, ஏத்தம் இறைச்சவங்க, விதையைச் சாம்பல்ல புரட்டிப் பானையில வச்சவங்க, யார் பேரும் அந்த ஓலையில வந்திருக்காது. மேற்பார்வை பார்த்தவங்க பேர் குடத்துல, வேலை தெரிஞ்சவங்க குடத்துக்கு வெளியில. கல்வெட்டை நான் எவ்வளவு ரசிச்சாலும் இந்த இடத்துல மனசு நின்னுடுது.

அந்தத் தோட்டங்களை நம்ம சமையலறையோட ஒப்பிடவும் முடியாது. மிளகாய், தக்காளி, உருளை மூணுமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து பல நூற்றாண்டு கழிச்சுக் கப்பல்ல வந்தது. தக்காளியும் மிளகாயும் இல்லாத குழம்பை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

அந்த விதிகள்ல எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கறது கணக்கு விஷயம். வாரியம் செஞ்சுட்டுக் கணக்கு காட்டாதவருக்கு இடமில்ல. அவரோட நிக்கல, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன்னு ஒரு சொந்தக்காரர் பட்டியலே கூட அவுட்.

ஏன் பயம்னா, மூணு வருஷம் முன்னாடி ஆயா எனக்கு ஒரு பிடி அவரை விதை துணியில முடிஞ்சு கொடுத்தாங்க. "தையில காய் முத்த விட்டு விதை எடுத்துத் திருப்பிக் கொடு"ன்னாங்க. நான் கொடுக்கல. இந்த ஆடியில மறுபடி கேட்டு வாங்கிட்டு வந்து போட்டிருக்கேன், கொடி இப்ப முழங்கால் உயரம். தையில கணக்கு காட்டலேன்னா எங்க சித்தி பசங்களும் சேர்ந்து மாட்டிப்பாங்க.