பழைய ஜிப்ஸி வாங்கியிருக்கீங்களா? ஸ்டீயரிங் ஆட்டத்தை எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது?

பெங்களூரு விவேக் நகரில் இருந்து வார இறுதியில் ஓசூர், ஏற்காடு என்று கிளம்ப பழைய மாருதி ஜிப்ஸி வாங்கும் ஐடி இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "ஸ்டீயரிங்கைத் திருப்பினா வண்டி கொஞ்சம் லேட்டாதான் திரும்புது."

நகருக்குள் 30 கி.மீ. வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஓசூர் சாலையில் 80-ஐத் தொட்டால் தெரியும்.

ஜிப்ஸியில் ஏன் இவ்வளவு ஆட்டம்?

1985-ல் அறிமுகமான ஜிப்ஸியின் விற்பனை 2019-ல் நின்றது. ஆகவே ரோட்டில் ஓடும் எல்லாமே வயதான வண்டிகள்தான். இன்றைய கார்களில் உள்ள ரேக் அண்ட் பினியன் இதில் கிடையாது. ஸ்டீயரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் என்று பல கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும், உங்கள் கையில் அது சில சென்டிமீட்டராகச் சேரும்.

எவ்வளவு ஆட்டம் அனுமதி?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 98-வது விதிப்படி, ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 38 செ.மீ. விட்டமுள்ள வீலில் அது சுமார் 10 செ.மீ. இது சட்டத்தின் கடைசி எல்லை மட்டுமே. நல்ல நிலையில் உள்ள வண்டியில் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது எஃப்.சி. சோதனையிலும் ஸ்டீயரிங்கைப் பார்ப்பார்கள்.

வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடுங்கள். நண்பர் ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டட்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடம்தான் குற்றவாளி.

• பாக்ஸே சேஸிஸ் மீது அசைகிறதா? போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்த இடத்தில் விரிசல்.
• பாக்ஸுக்குள் போகும் கம்பி திரும்பியும் பிட்மேன் ஆர்ம் அசையவில்லையா? பாக்ஸ் தேய்மானம்.
• பால் ஜாயின்ட் மேலும் கீழும் குதிக்கிறதா? டை ராட் எண்டு அல்லது டிராக் லிங்க் எண்டு மாற்ற வேண்டும்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங்.

"பாக்ஸை டைட் பண்ணிட்டா போதும்" என்றால்?

உடனே தலையாட்டாதீங்க. பாக்ஸ் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்குரூ கடைசியாகத் தொட வேண்டியது. நேராக ஓட்டும் நேரமே அதிகம் என்பதால் பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும். நடு ஆட்டம் போகும் வரை இறுக்கினால், வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். திரும்பிய பின் தானாக நேராகாது. சக்கரங்களை நேராக வைத்து, ஒருமுறைக்கு அரைக்கால் சுற்று மட்டும் திருப்பி, முழுக்க இடமும் வலமும் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுகினால், பின்வாங்குங்கள்.

சரியான வரிசை

போல்ட்டுகள், ராட் எண்டுகள், பேரிங்குகள், கடைசியில் பாக்ஸ். பாகங்கள் ஜே.சி. ரோடு கடைகளில் தேடலாம். எண்டு மாற்றும்போது பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போட விடாதீர்கள். நட்டு கழன்று விழாமல் காப்பது அதுதான். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஒரு குழியில் ஏறியதும் முன்பக்கம் முழுக்க வெடவெடவென உதறினால், புது ஸ்டீயரிங் டேம்பர் மாட்டி சமாளிக்காதீங்க. அது நோயை மறைக்கும், தீர்க்காது. ஓட்டும்போது அப்படி நடந்தால் வீலை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள். காரணம் தெரியும் வரை நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.