டீசல் படகு இயந்திரக் குளிர்விப்பு

டீசல் படகு இயந்திரக் குளிர்விப்பு என்பது, எரிபொருள் எரியும்போது வேலையாக மாறாமல் எஞ்சும் வெப்பத்தின் ஒரு பகுதியை நீரின் வழியாக வெளியேற்றும் முறையாகும். பராமரிப்பு முடிந்த படகின் இயந்திரம் அடுத்த பயணத்திலேயே கொதிப்பது மீனவர்களும் மெக்கானிக்குகளும் நன்கறிந்த சிக்கல். அதற்கான காரணங்கள் இம்முறை வளர்ந்த வரலாற்றோடு தொடர்புடையவை.

தொடக்கம்

ருடால்ஃப் டீசல் (1858–1913) 1893இல் வெளியிட்ட நூலில், தமது இயந்திரத்துக்குக் குளிர்விப்பு தேவைப்படாது என்று கருதினார். நீரால் குளிர்விப்பது வெப்பத்தை வீணாக்குவது என்பது அவரது எண்ணம். அதே ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட முதல் இயந்திரத்தின் உருளையைச் சுற்றி நீருறை இல்லை. சோதனைகள் இக்கருத்தை மாற்றின. 1897இல் பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்த இயந்திரம் நீரால் குளிர்விக்கப்பட்டது. அதன் திறன் 26.2 விழுக்காடு. அன்றைய நீராவி இயந்திரங்களைவிட இது மிக அதிகம். எனினும், எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு புகையோடும் குளிர்நீரோடும் வெளியேற வேண்டியிருந்தது.

நீர்வழிகளில்

1903இல் பிரான்சின் 'பெத்தீத் பியேர்' என்ற கால்வாய்ப் படகிலும், ரஷ்யாவின் 'வண்டால்' என்ற எண்ணெய்க் கப்பலிலும் டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 1912இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்று, பெருங்கடல் பயணத்துக்கும் டீசல் ஏற்றது எனக் காட்டியது.

படகைச் சுற்றிலும் நீர் இருந்ததால், அதையே இயந்திரத்துக்குள் செலுத்துவது எளிய வழியாக இருந்தது. ஆனால் கடல்நீர் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால், அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் படிந்து நீர்வழியை அடைக்கும். இயந்திரத்தைக் குறைந்த வெப்பத்திலேயே ஓட்டினால், எரிபொருளிலுள்ள கந்தகத்தால் உண்டாகும் அமிலம் உருளையை அரிக்கும்.

இரண்டு சுற்றுகள்

இதற்குத் தீர்வாக இரட்டைச் சுற்று முறை வந்தது. உள் சுற்றில் கூலண்ட் கலந்த நன்னீர் இயந்திரத்துக்குள் சுழல்கிறது. வெளிச் சுற்றில் பம்பு கடல்நீரை இழுத்து, வெப்பப் பரிமாற்றியின் வழியாகச் செலுத்துகிறது. இரண்டு நீரும் கலப்பதில்லை; வெப்பம் மட்டும் கைமாறுகிறது. சிறு படகுகள் பலவற்றில், சூடான கடல்நீர் புகைக்குழாயில் சேர்ந்து புகையையும் குளிர்வித்து வெளியே கொட்டுகிறது.

பராமரிப்புக்குப் பின் அதிவெப்பம்

பராமரிப்பின்போது இந்த இரு சுற்றுகளும் திறக்கப்படுகின்றன. எனவே முதலில் பார்க்க வேண்டியது, புகைக்குழாய் வழியே நீர் வழக்கம்போல் கொட்டுகிறதா என்பதே.

நீர் குறைந்தால் குறை வெளிச் சுற்றில் இருக்கும். கடல்நீர் வால்வு திறக்கப்படாமல் இருக்கலாம். வடிகட்டி மூடியின் வாஷர் சரியாக அமராவிட்டால் பம்பு நீருக்குப் பதில் காற்றை இழுக்கும். பம்பின் ரப்பர் இம்பெல்லர் நீரில்லாமல் ஓடினால் சிறிது நேரத்திலேயே கிழியும். புதியது மாட்டும்போது, பழையதன் உடைந்த துண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். காணாமல்போன துண்டு பெரும்பாலும் வெப்பப் பரிமாற்றியின் வாயில் சிக்கியிருக்கும்.

நீர் சரியாகக் கொட்டியும் சூடேறினால் உள் சுற்றைப் பார்க்க வேண்டும். கூலண்ட் மாற்றியபோது உள்ளே காற்று பிடித்திருப்பது பொதுவான காரணம். காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, நீர் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றுவர். தெர்மோஸ்டாட் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

காற்றுக்குமிழி வெப்பமானியின் உணரியைச் சூழ்ந்தால், முள் உண்மையைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும். அதனால் முள்ளை மட்டும் நம்பி ஓட்டினால், எச்சரிக்கை இல்லாமலே சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். சூடான இயந்திரத்தின் கூலண்ட் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுச் சுடும். குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். இயந்திரம் ஆறும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு. நடுக்கடலில் இயந்திரம் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் போகும். ஆகவே பராமரிப்பு முடிந்ததும் கரையிலேயே கட்டிவைத்து, சுமையோடு சிறிது நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே படகைக் கடலுக்குக் கொண்டுசெல்வது நல்லது.