புளிக்கிற எலுமிச்சை அமிலம் இல்லை... புளிக்காத சீஸ் அமிலமா? சர்க்கரை நோயோடு என்ன தொடர்பு?

நாக்கில் புளிப்பதெல்லாம் உடலில் அமிலச் சுமையைக் கூட்டாது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை செரித்த பிறகு அந்தச் சுமையைக் குறைக்கவே செய்கின்றன. இறைச்சி, சீஸ் புளிக்காது. ஆனா சுமையைக் கூட்டுவது அவைதான். புரதத்திலுள்ள கந்தகம் அமிலமாக மாறுவது ஒரு காரணம்.

பிரான்ஸில் 66,485 பெண்களை 14 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. அவர்களில் 1,372 பேருக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்தது. உணவின் அமிலச் சுமை மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட ஆபத்து 56% கூடுதல். உடல் எடை சரியாக இருந்த பெண்களிடம்தான் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. 'நான் ஒல்லிதானே' என்பவர்கள் கவனிக்க!

அமிலம் கூடும்போது இன்சுலின் சரியா வேலை செய்யாது என்பது ஒரு விளக்கம். ஆனா இதுதான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கலை. அதுக்காக ஆல்கலைன் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுத்துடாதீங்க. ரத்தத்தின் பிஹெச் அளவை 7.35-லிருந்து 7.45-க்குள் நுரையீரலும் சிறுநீரகமுமே பார்த்துக்கொள்கின்றன.