திரான்சிஸ்டருக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவில்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோரும் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

கண்காட்சிக்கு முந்திய நாள் தரம் 10 மாணவன் ஒருவன், மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்து கொண்டு வந்தான். யூடியூப் பார்த்துச் செய்தது. மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சர், ஆர்டுயினோ போர்ட், ஒரு சின்னப் பம்ப், அவ்வளவுதான். வீட்டில் பம்புக்குப் பதிலாக எல்ஈடி பல்ப் ஒன்றை மாட்டிப் பார்த்திருக்கிறான், சரியாகப் பற்றியிருக்கிறது. "பல்பக் கழட்டிட்டு பம்ப அதே இடத்துல கொடுக்கவா சேர்?" என்று கேட்டான். "கொடுங்க மகன்" என்றேன். பம்ப் ஒரு தடவை துடித்து நின்றது. பிறகு போர்ட்டும் நின்றது. உம்மா இடியப்பம் அவித்து விற்ற காசில் வாங்கிக் கொடுத்த போர்ட்.

அழவில்லை அவன். "பல்ப் பத்தினது, பம்ப் ஏன் சேர் ஓடல்ல?" என்று மட்டும் கேட்டான். வருடா வருடம் சாதாரண தர வகுப்புக்கு இருவாயியும் திரான்சிஸ்டரும் படிப்பிக்கிற எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் கரும்பலகையில் நான் வரைந்த திரான்சிஸ்டர்கள் எத்தனையோ. கையில் எடுத்து ஒரு மோட்டரை அதனால் ஓட்டியது ஒரு தடவைகூட இல்லை. நான் பயின்ற கல்லூரியிலும் அது கரும்பலகையில்தான் இருந்தது.

அன்றிரவு தேடி வாசிக்கத் தொடங்கியதில்தான், அவன் கேள்விக்கு விடை இந்தத் துறையின் வரலாற்றுக்குள்ளேயே கிடப்பது தெரிந்தது.

1874இல் ஜேர்மனியில் பேர்டினண்ட் பிரவுன் என்பவர் சில கனிமப் படிகங்களில் உலோகக் கம்பியைத் தொடவைத்து மின்னோட்டம் அனுப்பிப் பார்த்தார். ஒரு திசையில் இலகுவாகப் போன மின்னோட்டம் எதிர்த்திசையில் போக மறுத்தது. இன்று இருவாயி என்று நாங்கள் படிப்பிக்கும் விடயம் இதுதான். அன்று அதற்கு ஒரு பயனும் இருக்கவில்லை. வானொலி அலைகளைப் பிடிக்க ஒரு கருவி தேவைப்பட்டபோதுதான் படிகத்துக்கு வேலை வந்தது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயக் கனிமத்தைக் கொண்டு அலைகளைக் கண்டறியும் கருவி செய்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். குறைகடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதற் காப்புரிமையாக அதைக் கருதுகிறார்கள். எங்கள் பக்கத்து நாட்டு ஆசிரியர் ஒருவருடைய வேலை அது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது போடலாம்.

பிறகு வந்தது படிக வானொலி. பற்றறி தேவையில்லை. கலீனாத் துண்டின் மேல் மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, எந்த இடத்தில் சத்தம் கேட்கிறது என்று தடவித் தடவித் தேட வேண்டும். அந்தக் கம்பிக்குப் 'பூனை மீசை' என்று பெயர். கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களையும் சேர்த்து ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, 1923இல் இசைத்தட்டுப் பாட்டைக் காற்றில் விட்டார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. உலகம் முழுவதும் சாதாரண மனிதர் தாமே செய்து கொள்ளக்கூடிய வானொலி என்றால் அந்தக் காலத்தில் படிகப் பெட்டிதான். அது ஏன் வேலை செய்கிறது என்பது மட்டும் செய்தவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

அந்த 'ஏன்' தற்செயலாகத்தான் அகப்பட்டது. 1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரசல் ஓல் என்பவர், நடுவே வெடிப்பு விழுந்த சிலிக்கன் துண்டு ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் பட்டதும் அதில் ஏறக்குறைய அரை வோல்ட் தோன்றியது. உருக்கி இறுகும்போது மாசுகள் பிரிந்து, வெடிப்புக்கு ஒரு பக்கம் ஒரு வகையாகவும் மறுபக்கம் இன்னொரு வகையாகவும் படிந்திருந்தன. தரம் 11இல் பிள்ளைகள் மனனமிடும் பீ-என் சந்தி, ஒரு பழுதான துண்டில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது.

ஏழு வருடம் கழித்து அதே ஆய்வுகூடத்தில் ஜோன் பார்டீனும் வால்டர் பிரட்டெய்னும் ஒரு பிளாஸ்டிக் முக்கோணத்தின் விளிம்பில் பொன் தாளை ஒட்டி, நுனியில் சவர அலகால் மயிரிழை போல வெட்டி, அதை ஜேர்மானியப் படிகத்தின் மேல் சுருள்வில்லால் அழுத்தினார்கள். பார்க்க அசிங்கமான ஒரு பொருள். ஆனால் ஒரு முனையில் கொடுத்த சிறிய சைகை மறுமுனையில் பெரிதாக வந்தது. அதுதான் முதல் திரான்சிஸ்டர். நாள் 1947 டிசம்பர் 16. கொழும்பு வானொலியின் அதே திகதி. தற்செயல்தான், ஆனாலும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அவர்களுடைய தலைவர் வில்லியம் ஷொக்லி, கம்பி தொடும் வேலை இல்லாமல் மூன்று படைகள் கொண்ட வடிவத்தைத் திட்டமிட்டார். காலி, அடி, சேகரிப்பான் என்று நாங்கள் வரைவது அந்த வடிவத்தைத்தான். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திரான்சிஸ்டர் என்ன செய்கிறது என்பதை நான் பல வருடம் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். 'சிறிய மின்னோட்டத்தைப் பெரிதாக்குகிறது' என்பேன். ஏதோ உள்ளே வைத்து ஊதிப் பெருப்பிப்பது போல. அப்படியல்ல. குளத்து மதகை நினைத்துப் பாருங்கள். ஒரு கை அதைத் திறக்கிறது, வயல் நிறையத் தண்ணீர் பாய்கிறது. தண்ணீர் கையிலிருந்து வந்ததா? குளத்திலிருந்து வந்தது. அடிக்குக் கொடுக்கும் சிறிய மின்னோட்டம் அந்தக் கை. பெரிய மின்னோட்டம் பற்றறியிலிருந்து வருகிறது. மாணவனின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான், மீதியைப் பிறகு சொல்கிறேன்.

1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி என்ற கையடக்க வானொலி வந்தது. நான்கு திரான்சிஸ்டர், விலை 49.95 டொலர். அடுத்த வருடம் ஜப்பானில் பிற்காலத்தில் சோனி என்று பெயர் மாறிய கம்பனி தன்னுடையதைக் கொண்டு வந்தது. எங்கள் வீடுகளில் 'திரான்சிஸ்டர்' என்றாலே வானொலிதான். வாப்பா "அந்த திரான்சிஸ்டர எடுங்க" என்றால் செய்தி நேரம் என்று அர்த்தம். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்களே, அது முடிந்தது திரான்சிஸ்டருக்கு மிகக் குறைந்த மின்சக்தி போதும் என்பதால்தான். பழைய வால்வு வானொலியை அப்படி ஓட்டியிருக்க முடியாது.

வீட்டில் இருந்து படிப்பவர்களுக்குக் கதவு திறந்தது 1953இல். ரேதியோன் கம்பனி காது கேட்கும் கருவிகளுக்குத் திரான்சிஸ்டர் செய்து கொண்டிருந்தது. அதற்குத் தரம் போதாமல் ஒதுக்கப்பட்டவற்றை சீகே722 என்ற பெயரில் 7.60 டொலருக்குக் கடையில் விற்றார்கள். கழிவுதான், ஆனாலும் ஒரு தலைமுறையே அதில் படித்தது. பற்றாசு வைக்கும்போது சூடு கூடினால் ஜேர்மானியம் செத்துவிடும். அந்த விலைக்கு ஒன்று செத்தால் அடுத்ததை யோசித்துத்தான் தொடுவார்கள். எந்தக் காலுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று கணக்குப் பார்க்காமல் ஒருவரும் இணைப்புக் கொடுக்கவில்லை.

1958இல் ஜக் கில்பியும் அடுத்த வருடம் ரொபர்ட் நொய்சும் பல பாகங்களை ஒரே துண்டில் செய்யும் வழியைக் காட்டினார்கள், ஐசி பிறந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்த கதை ஹான்ஸ் கமென்சின்ட் உடையது. சுவிஸ் நாட்டவர். 1971இல் சிக்னெட்டிக்ஸ் கம்பனியில் இருந்த வேலையை விட்டு, அவர்களுக்கே ஒப்பந்தக்காரராகத் தனியே இருந்து நேரம் அளக்கும் ஐசி ஒன்றை வடிவமைத்தார். கையால் வரைந்தார். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால். பிறகு ஒரு யோசனை வந்தது: உள்ளே இருந்த சிக்கலான மின்னோட்ட முதலை எடுத்துவிட்டு வெறும் தடையியால் வேலையை முடித்தால் எட்டுக் கால் போதும், சிறிய கூட்டுக்குள் அடக்கலாம். 1972இல் விற்பனைக்கு வந்த அந்த 555 இன்றும் புறக்கோட்டைக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. உள்ளே 25 திரான்சிஸ்டர். மூன்று 5 கிலோ ஓம் தடையிகள் இருப்பதால் 555 என்று பெயர் வந்ததாக நானும் படிப்பித்திருக்கிறேன். எண் சும்மா தெரிவு செய்யப்பட்டது என்று கமென்சின்டே சொல்லியிருக்கிறார். என் பழைய மாணவர்கள் மன்னிக்கவும்.

555இல் படிப்பதற்கு நிறைய இருக்கிறது. கொள்ளளவி நிரம்புவதையும் வடிவதையும் எல்ஈடி மினுங்குவதில் கண்ணால் பார்க்கலாம். தடையியை மாற்றினால் வேகம் மாறும். சூத்திரத்தைக் கண் முன்னே நிரூபிக்கும் மலிவான சாமான் அது.

அதே காலத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியில் கேரி பூனும் மைக்கல் கொக்ரனும் கணினி முழுவதையும் ஒரே ஐசியில் அடக்கினார்கள். 1974இல் டீஎம்எஸ்1000 என்று விற்பனைக்கு வந்தது, மைக்ரோகொன்ட்ரோலர் என்ற இனம் பிறந்தது. ஆனால் அதன் நிரலைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுவார்கள், படிப்பவர் தொட முடியாது. இன்டெல் கொண்டு வந்த 8748இல் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. பிழை எழுதினால் புற ஊதா விளக்கின் கீழ் நீண்ட நேரம் வைத்து அழித்து, திரும்ப எழுத வேண்டும். நோர்வேயின் துரொன்ட்ஹைமில் அல்ப்-எகில் போகன், வேகார்ட் வொலன் என்ற இரண்டு மாணவர்கள் யோசித்த ஏவிஆர் வடிவம் 1997இல் அட்மெல் கம்பனி மூலம் வந்தபோது, மின்சாரத்தாலேயே நொடியில் அழித்து எழுதலாம் என்றாகிவிட்டது.

2003இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் வடிவமைப்புப் படித்த கொலம்பிய மாணவர் ஹெர்னான்டோ பரகான், முதுமாணி ஆய்வுக்காக 'வயரிங்' என்ற போர்ட்டையும் எளிய நிரல் மொழியையும் செய்தார். மின் படிக்காத ஓவியர்களும் பயன்படுத்தட்டும் என்பது நோக்கம். 2005இல் அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான மசிமோ பன்சியும் நண்பர்களும் அந்த அத்திவாரத்தில், இன்னும் மலிவான ஏவிஆர் ஐசியை வைத்து ஒரு போர்ட் செய்தார்கள். அவர்கள் கூடும் கடையின் பெயரையே வைத்தார்கள்: ஆர்டுயினோ. பரகான் அந்தக் குழுவில் இல்லை. எங்கள் பிள்ளைகள் இன்று எழுதும் 'டிஜிட்டல்ரைட்' கட்டளை அவருடைய வயரிங்கில் இருந்து வந்தது. அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஓவியர்களுக்காகச் செய்தது என்பதைக் கவனியுங்கள். தடை, மின்னோட்டம் என்று கவலைப்படாமல் தொடங்கட்டும் என்றுதான் அதை மறைத்தார்கள். மறைத்தவர்களுக்கு மறைத்தது என்னவென்று தெரியும். எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் பீ-என் சந்தியில் இருந்து நேரே ஆர்டுயினோவுக்குத் தாவுகிறார்கள். நடுவில் இருந்த அரை நூற்றாண்டு அவர்கள் கையில் படவே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தாவ விட்டது நாங்கள்.

இப்போது அந்தக் கேள்வியின் மீதிப் பதில். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின் பாதுகாப்பாகத் தரக்கூடியது ஏறக்குறைய 20 மில்லிஅம்பியர். 40ஐத் தாண்டினால் ஐசிக்கு ஆபத்து. எல்ஈடிக்கு 10, 15 போதும், அதனால் பற்றியது. சின்னப் பம்புக்கே நூற்றுக்கு மேல் வேண்டும், தொடங்கும்போது இன்னும் கூட. பின் என்பது மதகைத் திறக்கும் கை. நான் அந்தப் பிள்ளையைக் கையாலேயே வயலுக்குத் தண்ணீர் இறைக்கச் சொல்லியிருக்கிறேன். நடுவில் 2என்2222 போன்ற ஒரு திரான்சிஸ்டர் வேண்டும். பின்னின் 5 வோல்ட்டில் அடி-காலிக்கு 0.7 போக மீதி 4.3. இடையில் 330 ஓம் தடையி போட்டால் 13 மில்லிஅம்பியர். பின்னுக்கும் பாதுகாப்பு, திரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கவும் போதும். பம்புக்கு மின் தனிப் பற்றறியிலிருந்து வரவேண்டும், இரண்டின் மறை முனைகளும் ஒன்றாக இணைய வேண்டும். பம்பின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி, தலைகீழாக. மோட்டரை நிறுத்தும் கணத்தில் அதன் சுருளில் இருந்து எதிர்த்து வரும் மின் உதையை அது வாங்கிக்கொள்ளும். பிரவுன் 1874இல் கண்ட அதே ஒருவழிப் பாதைதான்.

இதை எனக்குச் செய்து காட்டியது ஊரில் வானொலி திருத்தும் ஒரு நானா. சாதாரண தரம் எழுதாதவர். பழைய போர்ட் ஒன்றில் இருந்து திரான்சிஸ்டரைக் கழற்றி, "இதுட காலப் பாத்துக் கொடுங்க சேர், மாறினா சரிவராது" என்றார். பத்து நிமிட வேலை. சாமான்களின் விலை ஒரு பிளேன்டீக்கு வராது.

போர்ட்டை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன், பிழை என்னுடையது. வரும் சனி அஸருக்குப் பிறகு அந்த நானாவும் நானும் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்போம். முதல் மாதம் ஆர்டுயினோ இல்லை. எல்ஈடி, திரான்சிஸ்டர், 555 மட்டும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். வீட்டில் பழுதான வானொலி, சார்ஜர், டீவிடி பிளேயர் கிடந்தால் எறியாமல் கொடுத்துவிடுங்கள், கழற்றிப் பாகம் எடுக்கலாம். பழைய டீவியை மட்டும் திறக்காமல் கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கும் கொள்ளளவி பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.