திருப்பூரில் அடைமழைக் கால முன்னேற்பாடு

திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே வீடு, வாகனம், பனியன் கம்பெனி ஆகியவற்றை மழைக்கும் திடீர் வெள்ளத்துக்கும் ஆயத்தப்படுத்தும் வேலைகளின் தொகுப்பே அடைமழைக் கால முன்னேற்பாடு. குளிர்நாட்டார் பனிப்பொழிவுக்கு வீட்டையும் காரையும் ஆயத்தம் செய்யும் அதே மாதங்களில், பனி பெய்யாத இந்த ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஊர் என்பதால் நீர் செல்லும் தடங்கள் எளிதில் மறக்கப்படுகின்றன. வீடும் தொழிலும் ஒரே தெருவிலும், பல இடங்களில் ஒரே கூரையின் கீழும் இருப்பதால், வீட்டுக்குள் வரும் தண்ணீர் தைத்து வைத்த துணியையும் நனைத்துவிடுகிறது.

நிலமும் மழையும்

திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பலமாக வீசினாலும் மழை குறைவு. ஆண்டு மழையளவு சுமார் 600 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதுவும் சீராகப் பரவிப் பெய்யாமல், சில நாள்களில் கொட்டித் தீர்ப்பது உண்டு.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூரைக் கடந்து திருப்பூருக்குள் நுழைந்து, ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. மேற்கே கோவையில் பெய்யும் மழை, திருப்பூரில் வெயில் அடிக்கும்போதும் ஆற்றை நிரப்பும். நகருக்குள் ஆற்றோடு சேரும் சிற்றோடைகளை ஊரார் பள்ளம் என்கின்றனர். ஜம்மனைப் பள்ளம், சங்கிலிப்பள்ளம் ஆகியவை முக்கியமானவை. வடக்கே நல்லாற்றின் நீரை வாங்கித் தேக்கும் நஞ்சராயன் குளம் சுமார் 126 ஹெக்டேர் பரப்புடையது. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்குப் புகலிடமான இக்குளம், வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்கும் கலமாகவும் பயன்படுகிறது.

2011 வெள்ளம்

2011 நவம்பர் தொடக்கத்தில் இரவு நேரத்தில் பெய்த கனமழையால் நகரின் பள்ளங்கள் கரைபுரண்டன. கரையோரக் குடியிருப்புகளில் தூக்கத்தில் இருந்தவர்கள் சிக்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 26. பண்டிகை முடிந்து இரு வாரம்கூட ஆகாத நிலையில் வெள்ளம் வந்தது. மழைக்கான வேலைகளைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதன் ஆபத்தை இந்த நாள் கணக்கு காட்டுகிறது. போனஸ் வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் சொந்த ஊர் செல்ல, கம்பெனிகள் பல நாள் பூட்டிக் கிடப்பதும் இதே பருவத்தில்தான். பூட்டிய கட்டடத்தில் ஒழுகும் நீர், திறக்கும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

வீடு

தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கின்றன. சிமென்ட் ஷீட் அல்லது ஓட்டுக் கூரை, பொதுக் கழிப்பறை, முற்றத்தில் ஒரே தண்ணீர்த் தொட்டி ஆகியவை இவற்றின் அமைப்பு. ஷீட்டின் ஆணித் துளைகளை அடைப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது, தளத்தின் மழைநீர்க் குழாயில் சேர்ந்த இலையையும் தூசியையும் அகற்றுவது ஆகியவை செப்டம்பருக்குள் முடிய வேண்டிய வேலைகள். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மணலையும் சரளையையும் அள்ளிக் கழுவிப் போட்டால்தான் அது நீரை உறிஞ்சும். இல்லையேல் வாசலிலேயே குளம் கட்டும்.

சுவிட்ச் போர்டு, மீட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவை தரையைவிட்டு உயரே இருப்பது அவசியம். 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி, ஈரச் சுவரைத் தொடுபவரின் உயிரைக் காக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பரணில் வைப்பது, பள்ளத்தின் கரையில் வசிப்போர் முதலில் செய்ய வேண்டியது.

மழை விட்டதும் டெங்கு தொடங்குகிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடையச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், பழைய டயர் ஆகியவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அதன் சுழற்சி அறும். நகரைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட பாறைக்குழிகள் மழையில் நிரம்பிக் குழந்தைகளுக்கு ஆபத்தாகின்றன. அவற்றின் ஆழம் மேலிருந்து பார்க்கத் தெரியாது.

வாகனம்

இருசக்கர வாகனமும், சரக்குக்குக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியும் டெம்போவும் இப்பகுதியின் அன்றாட வண்டிகள். டயரின் பள்ளக்கோடு 1.6 மி.மீ.க்குக் கீழ் தேய்ந்துவிட்டால் ஈரச் சாலையில் பிடிப்பு மிகக் குறையும். வைப்பர் ரப்பர், பிரேக், விளக்கு ஆகியவற்றோடு, பெட்டி வண்டியாயின் கதவு ரப்பரையும், திறந்த வண்டியாயின் தார்ப்பாயையும் சோதிக்க வேண்டும். கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து பிரிண்டிங்குக்கும், பிறகு தையலுக்கும் துணி பலமுறை வண்டி ஏறி இறங்குவதால், ஓட்டைத் தார்ப்பாய் ஓர் ஆர்டரையே கறைப்படுத்தக்கூடும்.

தாழ்வான ரயில்வே பாலங்களின் அடியில் மழைநீர் தேங்குவது வழக்கம். ஊத்துக்குளி சாலை ஒற்றைக்கண் பாலம் இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு. ஆற்றின் குறுக்கேயுள்ள தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கும். சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள ஓடும் நீர் சிறிய காரை மிதக்கவிடும், 60 செ.மீ. நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். தேங்கிய நீரில் வேறுவகை ஆபத்து: காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் என்ஜினுக்குள் புகுந்தால், நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வருவதே சரி. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீட்டிலும் என்ஜினுக்குள் நீர் புகுந்த சேதத்துக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு சேர்த்திருக்க வேண்டும்.

பனியன் கம்பெனியும் பவர்டேபிளும்

பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கும் இழை. 65 விழுக்காடு ஈரப்பதத்தில் அது தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடே. எடை கணக்கில் வாங்கி விற்கும் தொழிலில் இது காசுக் கணக்கு. மழைநாளில் வெட்டிப் பார்க்கும் துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கான கிராம் எடை) சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதைக் கொண்டு துணியைத் தேர்ந்தால், உலர்ந்தபின் குறைவு வெளிப்படும். இதனால்தான் சோதனைக்கூடங்கள் மாதிரியை நிலையான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்த பிறகே நிறுக்கின்றன.

நூல் பெட்டிகளும் துணி உருளைகளும் தரையில் நேரே படாமல் மரப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கப்பட வேண்டும். நிட்டிங் எந்திரத்தின் ஊசி துருவேறினால் துணியில் நெடுங்கோடு விழும். ஆகவே விடுமுறைக்கு முன் எண்ணெய் இட்டு மூடுவது முறை. வீட்டிலோ வாடகைக் கொட்டகையிலோ இயங்கும் பவர்டேபிள் எனப்படும் சிறு தையலகங்களில் தையல் எந்திர மோட்டார் தரையை ஒட்டி இருப்பதால், சில அங்குல நீரே வேலையை நிறுத்திவிடும்.

சாயமிட்ட துணியை உலர்த்தும் நீராவிக்குப் பல பட்டறைகள் விறகு பாய்லரை நம்பியுள்ளன. நனைந்த விறகு வெப்பம் தராமல் புகைதான் தரும். கூரையிட்ட விறகுக் கொட்டகை இல்லாத பட்டறையில் உலர்த்தும் வேலை தாமதமாகி, பின்வரும் தையலும் பேக்கிங்கும் தள்ளிப்போகும். சரியாக உலராமல் பாலித்தீன் பையில் அடைத்த பீஸ், கப்பலில் செல்லும் வாரங்களில் பூசணம் பிடிக்கும். இதற்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகின்றனர். பூசணத்தைத் தடுக்கப் பயன்பட்ட டைமெத்தில் ஃபியூமரேட் என்னும் வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தடைசெய்து, கிலோவுக்கு 0.1 மி.கிராமே உச்ச அளவு என வரையறுத்தது. ஆகவே மருந்தை நம்பாமல், துணியை நன்றாக உலர்த்திக் கட்டுவதே வழி.

மழைநீரும் சாயக்கழிவும்

நொய்யல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கி நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று, கழிவைச் சிறிதும் வெளியே விடாத முறையைப் பின்பற்றாத சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவுநீர் சவ்வுகளில் வடிக்கப்பட்டு, எஞ்சிய உப்புநீர் ஆவியாக்கிகளில் ஆவியாக்கப்படுகிறது. கழிவுத் தொட்டியில் மழைநீர் கலந்தால் ஆவியாக்க வேண்டிய நீர் பெருகும். தொட்டி வழிந்தால் சாயம் ஆற்றுக்குப் போகும். எனவே கூரைநீருக்கும் கழிவுக்கும் தனித்தனி வடிகால் இருப்பதும், தொட்டியில் மழைக்கு இடம் விட்டு வைப்பதும் பட்டறையின் முன்னேற்பாட்டில் முதன்மையானவை.

வெட்டுத்துணிக் கழிவும் பாலித்தீனும் பள்ளத்தில் கொட்டப்படும்போது, பாலத்துக் கண்களில் சிக்கி அணைபோல நீரை மேலே ஏற்றுகின்றன. கீழ்க்கரையில் உள்ளவர் வீட்டில் வெள்ளம் நுழைவதற்கு மேல்கரையில் கொட்டிய மூட்டையும் காரணமாகலாம். இவ்வகையில், கழிவை உரியவரிடம் ஒப்படைப்பதும் மழைக்கால முன்னேற்பாட்டுள் அடங்கும்.

எச்சரிக்கை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரையிலான மழையைக் கனமழை என்றும், 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதி கனமழை என்றும் வகுக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் எச்சரிக்கையின் படிநிலைகள். திருப்பூர்வாசி தம் மாவட்ட எச்சரிக்கையோடு கோவை மாவட்ட எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றில் வரும் நீர் அங்கிருந்து வருவது. மாவட்ட அவசர உதவி எண் 1077, மாநில எண் 1070. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் கரையோர வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். தமிழில் மட்டும் ஒலிக்கும் அறிவிப்பு அவர்களுக்குப் புரியாது; அதை இந்தியிலும் ஒடியாவிலும் எடுத்துச் சொல்ல ஓர் ஆளை முன்கூட்டியே நியமித்து வைப்பது கம்பெனியின் பொறுப்பு.