பொன்முலாமும் காலச் சான்றும்: பிரெஞ்சு அலங்கார மணிக்கூடுகளின் மெய்மை பற்றிய ஒரு நோக்கு

கலைப்பொருளொன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு முன்னர், அது எக்காலத்தில், எவரால், எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை காணப்படல் வேண்டும். செப்பேடொன்றின் மெய்மையைத் துணிய முற்படுவோர் அதன் வாசகத்தை மட்டும் நோக்குவதில்லை. எழுத்தமைதி, மொழிநடை, உலோகம் ஆகியவற்றையும் ஒருங்கே நோக்குவர். அத்தகைய ஆய்வுமுறையை வேண்டி நிற்கும் பொருள்களுள் ஒன்று, 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளிற் பாரிஸ் நகரில் உருவான பொன்முலாமிட்ட வெண்கல மணிக்கூடு. இவ்வகையினவாக இன்று ஏலங்களிலும் தனியார் சேகரிப்புக்களிலும் காணப்படுவன பல, தாம் காட்டும் தோற்றத்தின் காலத்துக்குப் பிற்பட்டவை. மூலத்தையும் பிற்காலப் படியையும் வேறுபிரித்தறிவது எங்ஙனம்? அதனால் வரலாற்று மாணவர் பெறும் பயன் யாது? இவ்விரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஒல்லாந்த அறிஞர் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் மணிக்கூட்டை அமைத்ததன் பின்னர், காலத்தைத் திட்பமாக அளத்தல் இயல்வதாயிற்று. அடுத்த நூற்றாண்டிற் பிரான்சின் பிரபுக்களும் செல்வரும் தம் மாளிகைக் கணப்படுப்புகளின் மேற்றட்டை அணிசெய்யும் பொருளாகவும் மணிக்கூட்டைக் கருதலாயினர். பதினைந்தாம் லூயி (1715-1774) காலத்தில் வளைந்து நெளியும் கொடிகளும் சிப்பி வடிவங்களும், பதினாறாம் லூயி (1774-1792) காலத்தில் தூண், பூச்சாடி, மாலை முதலிய கிரேக்க, உரோம வடிவங்களும், நெப்போலியனின் பேரரசுக் காலத்திற் புராண மாந்தரின் உருவங்களும் பெருவழக்காயின. இம்மணிக்கூடு ஒருவரின் கைவேலை அன்று. வெண்கலம் வார்ப்போர், முலாமிடுவோர், இயந்திரம் அமைப்போர், எனாமல் முகத்தட்டுச் செய்வோர் எனப் பல தொழிலாளரின் உழைப்பு அதில் ஒன்றுகூடியது. ஆதலால், முகத்தட்டிற் காணப்படும் பெயர் பெரும்பாலும் இயந்திரம் அமைத்தவருடையதோ விற்பனை செய்தவருடையதோ ஆகும். வெண்கல உருவை ஆக்கியவரின் பெயர் அங்கு இடம்பெறுதல் அரிது. பெயரை மட்டும் கொண்டு காலத்தைத் துணிவது பொருந்தாமைக்கு இதுவே முதற் காரணம்.

படிகள் பெருகியமைக்குச் சமுதாயப் பின்னணி உண்டு. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியிற் (1852-1870) கைத்தொழில், வங்கி, புகையிரதப் பாதை ஆகியவற்றாற் செல்வம் திரட்டிய முதலாளி வர்க்கத்தினர் பழைய பிரபுக்களின் வாழ்க்கைக் கோலத்தைத் தமதாக்க விழைந்தனர். அரசி யூஜெனி, அரசி மரி அந்துவானெற்றின் காலத்துக் கலைப்பாணியிற் கொண்ட பெருவிருப்பும் இப்போக்கை வளர்த்தது. ஹென்றி டாசோன் (1825-1896) போன்ற தேர்ந்த வினைஞர் 18ஆம் நூற்றாண்டு ஆக்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு அரும்பொருள்கள் பலவற்றைச் செய்தனர். டாசோன் தம் பெயரையும் ஆண்டையும் அவற்றிற் பொறிக்கும் வழக்கமுடையவர். இவை படிகளேயன்றிப் போலிகள் அல்ல. அப்பெயரை அழித்துவிட்டு, நூறாண்டு பழைமையை ஏற்றிக் கூறும்பொழுதே படி போலியாகின்றது. குற்றம் பொருளில் இல்லை. அதுபற்றிக் கூறப்படும் கூற்றிலேயே உள்ளது.

மெய்மையைத் துணிவதற்கு முலாம் முதற் சான்றாகும். பழைய முறையிற் பொன்னைப் பாதரசத்திற் கரைத்து, அக்கலவையை வெண்கலத்தின்மீது பூசித் தீயிலிடுவர். பாதரசம் ஆவியாகிச் செல்லப் பொன் உலோகத்தோடு பிணைந்து நிற்கும். அவ்வாவியைச் சுவாசித்த தொழிலாளர் கைகால் நடுக்கமுற்றும் பற்களை இழந்தும் அகால மரணமடைந்தனர். பாரிஸின் புகழ்பெற்ற வெண்கல வினைஞராகிய ரவ்ரியோ 1814இற் காலமானபோது, முலாமிடுவோரை இக்கொடுமையினின்று காக்கும் வழி காண்போருக்கென 3,000 பிராங்கைத் தம் மரண சாசனத்தில் ஒதுக்கிச் சென்றார். நச்சாவியைப் புகைபோக்கி வழியே மேலிழுக்கும் உலையை அமைத்த இரசாயனவியலறிஞர் டார்சே 1818இல் அப்பரிசைப் பெற்றார். 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்ரன் குடும்பத்தினர் மின்முலாமிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றதைத் தொடர்ந்து, பாதரசமின்றி முலாமிடும் வழி பரவலாயிற்று.

இவ்விரு முறைகளும் வெவ்வேறு தடயங்களை விட்டுச் செல்கின்றன. தீமுலாமிற் பொன் கலவையைக் கையாற் பூசுவதால், கண்ணுக்குத் தெரியாத பின்புறம் பெரும்பாலும் முலாமின்றி விடப்பட்டிருக்கும். ஓரங்களிற் பொன் வழிந்த தடம் காணப்படும். முன்புறத்தில் மெருகிட்ட பகுதியும் மங்கலாக விடப்பட்ட பகுதியும் திட்டமிட்டு வேறுபடுத்தப்பட்டிருக்கும். மின்முலாமோ முன்னும் பின்னும் ஒரே சீராகப் படிவது இயல்பு. எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வின் மூலம் பாதரசத்தின் எச்சத்தையும் இன்று அறியலாம். உலோகமும் சான்று பகரும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மலிவான மணிக்கூடுகளுக்குத் துத்தநாகக் கலவை பெரிதும் பயன்பட்டது. அது வெண்கலத்தினும் பாரம் குறைந்தது, எளிதில் உடைவது, சுரண்டிய இடத்திற் சாம்பல் நிறம் காட்டும். மேலும், பழைய உருவொன்றிலிருந்து அச்செடுத்து மீண்டும் வார்க்கும்பொழுது, உலோகம் குளிர்ந்து சுருங்குவதாற் படி மூலத்தினும் சற்றே சிறுத்தமையும்; விரல், கூந்தல், இலை நரம்பு ஆகியவற்றின் கூர்மையும் மழுங்கும்.

இனி, இயந்திரத்தை நோக்குவோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலான பாரிஸ் மணிக்கூடுகளில் ஊசல் பெரும்பாலும் பட்டு நூலில் தொங்கவிடப்பட்டது. 1840 அளவிலிருந்து அஷீல் புரொக்கோவின் தட்டை வில் அமைப்பு அதன் இடத்தைப் பெறலாயிற்று. இவ்வமைப்பில், பன்னிரண்டாம் எண்ணுக்கு மேலுள்ள சிறு துளையிற் சாவியிட்டு ஊசலின் வேகத்தைச் சீர்செய்யலாம். போக்கூரிலிருந்த ஜப்பி சகோதரர் தொழிற்சாலை போன்றவை இயந்திரங்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்து, கண்காட்சிகளிற் பெற்ற பதக்கங்களைப் பின்தகட்டிற் பொறித்தன. 1855ஆம் ஆண்டுப் பதக்கத்தைத் தாங்கும் இயந்திரம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாதல் இயலாது.

எனினும், எந்தச் சான்றும் தனித்து நின்று தீர்ப்பளிக்க வல்லதன்று. மின்முலாம் தோன்றிய பின்னரும் உயர்தர வினைஞர் தீமுலாமைக் கைவிடவில்லை. ஆகவே பாதரசத்தின் எச்சம் மட்டும் 18ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது. மறுதலையாக, பட்டு நூல் நைந்தபோது அதனை நீக்கிவிட்டு வில்லைப் பொருத்திய திருத்துநர் பலர். அத்தகைய மணிக்கூட்டின் பின்தகட்டில் வெறுமையாக நிற்கும் பழைய துளைகள், அது பிற்காலத்தது அன்று, பிற்காலத்தில் திருத்தப்பட்டது என்பதை உணர்த்தும். பழைய வெண்கலக் கூட்டினுள் புதிய இயந்திரத்தைப் பொருத்துவதும் உண்டு. 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைப் பொருள்கள்மீது வரி விதிக்கப்பட்டபொழுது இடப்பட்ட, முடிசூடிய 'சி' எழுத்து முத்திரையும் அவதானத்துக்குரியது. முற்காலத்தில் ஆக்கப்பட்டு அவ்வாண்டுகளில் விற்கப்பட்டவையும் அம்முத்திரையைப் பெற்றன. பிற்காலத்தார் அதனைப் போலியாகப் பொறித்ததும் உண்டு. எனவே கூடு, முலாம், முகத்தட்டு, இயந்திரம் என்னும் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வினவி, அவற்றின் விடைகள் ஒன்றோடொன்று இயைகின்றனவா என நோக்குதலே தக்க முறையாகும்.

இவ்வாய்விலிருந்து ஓருண்மை புலனாகின்றது. விலை கொடுப்போரின் கண் எதனை நாடியதோ அதனையே படி செய்தோரும் போலி செய்தோரும் முதலிற் பின்பற்றினர். ஆதலால் அழகிய முன்புறமே எளிதிற் பொய்யுரைப்பது; எவரும் நோக்காத பின்புறமே மெய்யுரைப்பது. அப்பின்புறத்திற் காணப்படும் பொன் வழிந்த தடம், கொடிய ஆவியின் முன் நின்று உழைத்த, பெயர் தெரியாத மனிதன் ஒருவனின் கைத்தடம். தொழிற்சாலைப் படியைப் பிரபுக்கள் காலத்து மூலமெனக் கொள்வோர் விலையில் மட்டும் ஏமாறவில்லை. அப்பொருளை உண்மையில் ஆக்கிய தொழிற்சாலைத் தொழிலாளியின் வரலாற்றை மறைக்கின்றனர். தம் உடலை விலையாகக் கொடுத்து மூலத்தை ஆக்கியவனின் வரலாற்றையும் மலிவாக்குகின்றனர். மணிக்கூட்டின் மெய்மையைத் துணிதல் சேகரிப்போரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. உழைப்பின் வரலாற்றை உரியவருக்கு உரியவாறு வழங்கும் கடமையுமாகும்.